நிராகரிப்புக் கடிதத்துக்கு எண்பத்தெட்டு

வண்ணப்பூச்சுத் தர வாரியத்தில் ஓர் அடுப்பு இருக்கிறது. சமைக்கிற அடுப்பு அல்ல. அடுப்புக்குள் ஒரு தராசு, அந்தத் தராசின் தட்டு சட்டைப் பொத்தானில் பாதி. காய்ந்த பெயிண்டிலிருந்து நகத்துணுக்கு அளவுக்கு ஒரு செதிலை அதில் வைத்து, தொள்ளாயிரம் டிகிரி வரைக்கும் சூடேற்றுவார்கள். சூடு ஏற ஏற எடை குறையும். எவ்வளவு குறைந்தது என்று கடைசியில் பார்ப்பார்கள். இதற்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்.

எதற்கு இந்தச் சூடு என்று கேட்பீர்கள். பெயிண்ட் என்பது மூன்று சமாச்சாரம். நிறம் தருகிற பொடி, அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பிசின், காய்ந்ததும் காற்றோடு போய்விடும் தண்ணீர். இதில் பிசினைத்தான் படித்தவர்கள் பாலிமர் என்கிறார்கள். அது குறைந்தால் சுவரில் சாய்ந்தவன் முதுகு வெளுக்கும். ஆகவே ஒவ்வொரு பெயிண்டிலும் எத்தனை விழுக்காடு பாலிமர் என்று அளந்துவிட வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் நினைத்திருக்கிறார். நினைத்ததில் தப்பில்லை. நினைத்ததை ஒரு குழுவிடம் போய்ச் சொன்னதுதான் தப்பு.

குழு பதினொரு முறை கூடியது. முதல் பத்துக் கூட்டங்களில் படிவத்தின் நிறம் முடிவானது. பதினோராவது கூட்டத்தில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். படிவத்தில் இரண்டே கட்டங்கள் போதும் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். சூடேற்றும் முன் எடை, சூடேற்றிய பின் எடை. வித்தியாசம்தான் பாலிமர். வாரியத்தின் வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி இதைப் பித்தளை எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள்: ‘போனது பாலிமர். இருப்பது இதர.’

இந்த வாசகத்தின் கீழே, கையில் ஒரு நீலக் கடிதத்தோடு, கதையின் நாயகரான பெயிண்ட்காரர் ஒரு காலை நேரத்தில் நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை, அதில் மூன்று பீப்பாய், கலக்குவதற்கு ஒரு பழைய மோட்டார். பட்டறையில் அவர் தொழிலாளி, அவருடைய அக்காதான் தர நிர்ணயம். அக்காவின் சோதனை சுருக்கமானது. புதிதாகக் கலக்கிய பெயிண்டை ஒரு பலகையில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, ஈரத்துணியால் நூறு முறை தேய்ப்பாள். துணி வெளுத்தால் பீப்பாயோடு சாக்கடைக்குப் போகும். தம்பி குறுக்கே நின்றால் அவரையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள் என்பது தெருவின் நம்பிக்கை.

அந்தப் பெயிண்டைத்தான் வாரியம் நிராகரித்திருந்தது. கடிதத்தில் ‘பாலிமர் முப்பத்தாறு விழுக்காடு. தேவை நாற்பது. வருந்துகிறோம்’ என்று இருந்தது. முப்பது நாளைக்குள் வாரியத்தின் வட்ட முத்திரை வாங்காத பட்டறைக்குப் பூட்டு. அதற்கென்றே பூட்டு ஆய்வாளர் என்று ஒருவர் இருந்தார். அவர் படிவத்திலும் இரண்டு கட்டம்தான்: வட்ட முத்திரை உள்ளது, வட்ட முத்திரை இல்லை.

பட்டறை போனால் பெயிண்ட்காரருக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் அக்கா வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விடுவாள். ‘கலக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணப் போறேன்’ என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். அக்கா இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான், எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழையப் பயப்படுகிற மனிதர் இந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

முதல் கவுன்ட்டரில் அவரை இரண்டாவதுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் ஆள் இல்லை. ஆள் இல்லாத கவுன்ட்டரில் காத்திருந்ததற்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதைக் காட்டி மூன்றாவது மாடிக்குப் போனார். அங்கேதான் அடுப்பு. அதை இயக்குகிற அம்மாளை வாரியம் முழுக்க அடுப்பம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அறையின் சுவர் வெளிர் நீலம். அந்த நீலத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது பெயிண்ட்காரருக்கு. தன்னுடையதேதான். பத்து வருஷத்துக்கு முன்னால், முத்திரையெல்லாம் வருவதற்கு முன்பு, அடுப்பம்மா புகைக் கறையைத் துடைத்தெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தன் கைக்காசில் வாங்கி அடித்தது.

அடுப்பம்மா அவரை உட்காரவைத்து, திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள்.

“படிக்கட்டு மாதிரி இறங்குது பாருங்க. முந்நூறு டிகிரிலேருந்து ஐந்நூறுக்குள்ள இறங்குறது பிசின். உங்களுது முப்பத்தாறு இறங்கிட்டு, அப்புறம் கடைசி வரைக்கும் தரை மாதிரி நேராப் போகுது. இப்ப இன்னொரு கோட்டைப் பாருங்க, ஒரு பெரிய கம்பெனியோடது. பிசின் வெறும் ஆறு. அதோட நின்னுச்சா? எழுநூறு பக்கத்துல போனதும் திடீர்னு இன்னும் முப்பத்தஞ்சு இறங்குது. அது பிசினே இல்ல, சுண்ணாம்புக்கல் பொடி. அவ்வளவு சூட்டுல அதுக்குள்ள இருக்குற வாயு வெளிய போயிடும்.”

“அப்ப மொத்தம்?”

“நாற்பத்தொண்ணு. முதல் தரம்.”

அடுப்பம்மா மேலும் சொன்னாள். முதலில் முப்பது விழுக்காடுதான் தேவை என்றிருந்தது. பெரிய கம்பெனிகள் ரகசியத்தைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பைக் கொட்டக் கொட்ட, எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறியது. நாட்டில் பாலிமர் வளர்ச்சி கண்டுவிட்டது என்று வாரியம் மகிழ்ந்து, முப்பதை நாற்பது ஆக்கியது. இரண்டு படியையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை படிவத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதினாள். ஆனால் ஓரம் என்பது கோப்பில் துளை போடுவதற்காக விடப்பட்ட இடம். அவளுடைய குறிப்புகள் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்களாகத் துளைக்கருவியின் வயிற்றில் கிடக்கின்றன.

“பேசாம ரெண்டு மூட்டை சுண்ணாம்புப் பொடியைக் கலந்துடுங்க. எனக்கும் மனசுக்குப் பிடிக்கலதான். ஆனா பாஸ் ஆயிடும்,” என்றாள் அடுப்பம்மா.

அவர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மூட்டை வாங்கினார். அக்கா காய்கறிக் கடைக்குப் போன நேரம் பார்த்து மூன்றாவது பீப்பாயில் கொட்டிக் கலக்கினார். பலகையில் அடித்து ஒளித்தும் வைத்தார். ஐம்பத்திரண்டு வயசில் திருட்டுத்தனம் பழகினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஒளித்த இடம் அக்கா ஈரத்துணி காயப்போடுகிற கொடிக்கு நேர் கீழே. ஒரு வாரம் கழித்து அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் சோற்றுக்குப் பதிலாக ஒரு துணி இருந்தது. பால் மாதிரி வெளுத்த துணி.

“நாலே தேய்ப்புடா,” என்றாள் அக்கா. “நூறு வேண்டாம். நாலே நாலு.”

அவர் தலை நிமிரவில்லை. அக்கா துணியை எடுத்துவிட்டுச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மூன்றாவது பீப்பாய் சாக்கடைக்குப் போனது, அவரே தள்ளினார்.

இனி நேராகத் தலைவரைப் பார்த்துவிடுவது என்று போனார். வாரியத் தலைவர் கறுப்புக் கோட்டு போட்டவர். அந்த வட்ட முத்திரை அவரிடம்தான் இருக்கும், ஒரு சங்கிலியில் கோத்துக் கோட்டுப் பைக்குள். அவர் கையெழுத்துப் போட்ட அடுத்த நொடி முத்திரையும் தானாக விழுந்துவிடும். ஒன்பது வருஷப் பழக்க தோஷம். விடுப்பு விண்ணப்பத்தில் விழும், டீக்கடைச் சீட்டில் விழும், மனைவி கொடுத்தனுப்பிய மளிகைப் பட்டியலில்கூட ஒருமுறை விழுந்ததாம். நிராகரிப்புக் கடிதங்களுக்கு மட்டும் துணைத் தலைவர் கையெழுத்து. அவரிடம் முத்திரை கிடையாது, பேனா மட்டும்தான்.

பெயிண்ட்காரர் போகும்போது தலைவர் ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்துசேர்ந்ததற்கான ரசீதில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பெயிண்ட்காரர் தான் கொண்டுவந்த பலகையை நீட்டி, துடைத்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்டார். தலைவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

“அதை உள்ள வைங்க. பெயிண்ட்டைப் பார்த்து முடிவு பண்ற வழக்கம் எங்ககிட்ட இல்ல. பார்த்தா பாரபட்சம் வந்துடும். இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு, இதுவரைக்கும் ஒரு பெயிண்ட்டைக்கூட நான் கண்ணால பார்த்ததில்ல. அந்த நேர்மைதான் என்னை இங்க உட்கார வச்சிருக்கு.”

பலகை பைக்குள் போனது என்று உறுதியான பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

“எழுநூறு டிகிரில போறது சுண்ணாம்புதாங்க சார். பாலிமர் இல்ல.”

“போகும்போது யாருன்னு சொல்லிட்டா போகுது? போனது போனதுதான். அதுல இது வேற அது வேறன்னு பிரிச்சுப் பார்க்குற புத்தி எங்களுக்குக் கிடையாது.”

“சுவத்துல ஒட்டணும்ல சார்?”

“அது உங்களுக்கும் சுவருக்கும் உள்ள விவகாரம். வாரியம் அதுல தலையிடாது. எரிஞ்சு போனதுல மட்டும்தான் எங்களுக்கு அக்கறை.” பிறகு மனம் இரங்கி, மேல்முறையீடு என்று ஒரு வழி இருப்பதைச் சொன்னார். நிராகரித்த பொருளையும் நிராகரித்த கடிதத்தையும் ஒரே உறையில் வைத்து, முதல் மாடியில் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார். உறை முதல் மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்குப் போகப் பன்னிரண்டு நாள் ஆனது. வழியில் எந்த மேசையிலோ பெயிண்ட் செதில் விழுந்துவிட்டது. மிஞ்சியது கடிதம். உறையில் இருப்பதைச் சோதிக்க வேண்டும் என்பது விதி, இல்லாததைச் சோதிக்க வழியில்லை. அடுப்பம்மா இது கடிதம் என்று ஓரத்தில் எழுதினாள், அந்த ஓரத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினாள். பிறகு கடிதத்தின் மூலையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளித் தட்டில் வைத்தாள். காகிதம் மளமளவென்று எரிந்து, கொஞ்சம் சாம்பல் மிஞ்சியது. முடிவு: எண்பத்தெட்டு.

வாரிய வரலாற்றில் இப்படி ஒரு மதிப்பெண் வந்ததில்லை. மாடிக்கு மாடி ஓட்டமும் நடையுமாகச் செய்தி பரவியது. நிபுணர் குழு ஒன்று உடனே கூடி ஆராய்ந்து, இந்த அபூர்வப் பொருளைத் தயாரித்தவர் யார் என்று கேட்டது. தயாரித்தது வாரியமே என்று தெரிந்தபோது குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்களாம். முத்திரையும் சிறப்புச் சான்றிதழும் பொருளைத் தயாரித்தவருக்கே உரியவை. எனவே வாரியம் வாரியத்துக்கு விழா எடுப்பது என்று முடிவானது. மேல்முறையீடு செய்தவர் என்ற முறையில் பெயிண்ட்காரருக்கும் ஒரு அழைப்பிதழ் வந்தது. அவருடைய பெயிண்ட் என்ன ஆயிற்று என்பதற்கு அதில் ஒரு வரி இருந்தது: ‘மாதிரி கிடைக்கப்பெறாததால் முந்தைய நிராகரிப்பு தொடர்கிறது.’

விழா இருபத்தொன்பதாம் நாள். விழா மண்டபத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், முதல் தரம், நாற்பத்தொன்று விழுக்காடு. நாற்காலிகள் குறைவு என்பதால் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். நின்றவர்கள் சாய்ந்தார்கள். பெயிண்ட்காரரும் அசதியில் சாய்ந்தார்.

தலைவர் மேடையேறி, வாரியத் தலைவர் என்ற முறையில் வாரியத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டார். பிறகு பேசினார்.

“இன்று நம்மை நாமே பாராட்டிக்கொள்கிறோம். வெளியாட்கள் பாராட்டினால் அதில் உள்நோக்கம் இருக்கக்கூடும். இதில் நம் நோக்கம் மட்டுமே இருக்கிறது. நாம் எழுதுகிற கடிதங்களில் எண்பத்தெட்டு விழுக்காடு எரிந்து போகத் தக்கது என்பதை விஞ்ஞானம் இன்று நிரூபித்துவிட்டது. இதை நூறு ஆக்கும் வரை நான் ஓயமாட்டேன்.”

கைதட்டல் முடிய வெகுநேரம் ஆயிற்று. அப்போதுதான் முன்வரிசைக்காரர் ஒருவர் பின்னால் திரும்பி, நின்றிருந்தவர்களின் முதுகைப் பார்த்தார். எல்லா முதுகும் வெள்ளை. சலசலப்பு எழுந்தது. தலைவர் கையமர்த்தினார்.

“பதற வேண்டாம். உங்கள் முதுகில் இருப்பது என்ன? பெயிண்ட். அது எங்கே இருந்தது? சுவரில். இப்போது சுவரை விட்டுப் போயிருக்கிறது. போனது எது என்று வாசலில் எழுதியிருக்கிறோம். இவ்வளவு பாலிமர் உள்ள சுவரை நீங்கள் வேறு எங்கும் பார்க்க முடியாது.”

மறுபடி கைதட்டினார்கள். தட்டியதில் இன்னும் கொஞ்சம் தூசி பறந்தது.

சிக்கல் புகைப்படக்காரரால் வந்தது. மேடைக்குப் பின்சுவரில் தலைவரும் சாய்ந்திருக்கிறார், கறுப்புக் கோட்டின் பின்பக்கம் மாவு மில்லில் வேலை பார்த்தவர் போல ஆகிவிட்டது, இந்தக் கோலத்தில் படம் எடுத்தால் நன்றாக இருக்காது என்று அவர் தயங்கினார். கோட்டைத் தட்டித் துடைத்து, ஒட்டாத சுவர் ஒன்று தேடி எல்லோரும் மாடி மாடியாக ஏறினார்கள். கட்டடம் முழுக்க முதல் தரம். கடைசியில் அடுப்பறையின் நீலச் சுவர் கிடைத்தது. தலைவர் கைகட்டிச் சாய்ந்தார். இன்னும் கம்பீரமாக என்றார் புகைப்படக்காரர். இன்னும் அழுத்திச் சாய்ந்தார். படம் முடிந்து கோட்டைக் கழற்றிப் பார்த்தால், கறுப்பு அப்படியே கறுப்பாக இருந்தது.

அவர் திரும்பி நின்று சுவரைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெயிண்டைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி தேய்த்தார்.

“யாரோடது இது?” என்று மெல்லக் கேட்டார்.

கூட்டத்தின் பின்னால் வெளுத்த முதுகோடு நின்றிருந்த பெயிண்ட்காரரை அடுப்பம்மா கைகாட்டினாள். தலைவர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பெயிண்ட்காரர் வீட்டுக்கு வந்தார். அக்கா அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி வாசலில் உதறினாள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார், தலைவரின் முத்திரைப் பழக்கம், மளிகைப் பட்டியல் உட்பட. அக்கா மளிகைப் பட்டியலுக்கு மட்டும் சிரித்தாள். பிறகு பரண்மேலிருந்து தன் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள். அவர் பட்டறைக்குள் போய், கலக்குவதற்கு ஒன்றுமில்லாத மோட்டாரை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது. பெயிண்ட் நெடி என்று சொல்லிக்கொள்ள முடியாது, அவருடைய பெயிண்டில் நெடி கிடையாது.

முப்பதாம் நாள் காலை, பூட்டு ஆய்வாளருக்கு முன்னால் ஒரு கார் வந்தது. தலைவரின் டிரைவர் இறங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஐயா வீட்டு ஹாலுக்கு ரெண்டு வாளி வேணுமாம். அதே நீலம். சாஞ்சா ஒட்டக் கூடாதுன்னு சொன்னார். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னும் சொன்னார்.”

பெயிண்ட்காரர் வாளியைத் தூக்கக் குனிந்தார். அக்கா வாளிமேல் கையை வைத்தாள்.

“இது நிராகரிச்ச பெயிண்ட்டுங்க. நாங்க பாட்டுக்குத் தூக்கிக் குடுத்தா நாளைக்கு ஐயாவுக்குத்தான் பிரச்சினை. அவர் கைப்பட ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. வாளி எங்கயும் போகாது.”

“என்னக்கா இது,” என்று தம்பி முணுமுணுத்தார். அக்கா அவர் காலை மிதித்தாள்.

ஒரு மணி நேரத்தில் டிரைவர் திரும்பி வந்தார். கடிதத்தில் இப்படி இருந்தது: ‘தங்களுடைய நிராகரிக்கப்பட்ட பெயிண்டில் இரண்டு வாளி, நீலம், என் வீட்டுக்குத் தேவை.’ கீழே கையெழுத்து. கையெழுத்துக்கும் கீழே, மை இன்னும் காயாமல், முழு நிலா மாதிரி வட்ட முத்திரை.

“வேண்டாங்க சார்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள குத்திட்டார்,” என்றார் டிரைவர்.

அக்கா இரண்டு வாளியையும் தானே கொண்டுபோய்க் காரில் வைத்தாள்.

மதியம் பூட்டு ஆய்வாளர் வந்தார். ஒரு கையில் பூட்டு, ஒரு கையில் படிவம், அக்குளில் அரக்குக் குச்சி. முத்திரை எங்கே என்று கேட்டார். பெயிண்ட்காரர் கடிதத்தை நீட்டினார். நீட்டிய பிறகு நேர்மை தாங்காமல், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

“படிக்கிறது என் வேலை இல்லைங்க, அதுக்கு வேற ஆள் இருக்காங்க,” என்றார் ஆய்வாளர். கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, முத்திரை வட்டம்தான் என்று விரலால் சுற்றிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். படிவத்தைப் பட்டறைச் சுவரில் வைத்து, தானும் தோளைச் சாய்த்துக்கொண்டு, முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அவர் போகும்போது அக்கா அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி வெள்ளை இல்லை.

பெட்டி பரண்மேல் ஏறியது. கடிதத்தை எங்கே வைப்பது என்று தம்பி கேட்டார். சுவரிலேயே ஒட்டு என்றாள் அக்கா. அவர் பீப்பாயிலிருந்து பிசினை ஒரு விரல் தொட்டு, கடிதத்தின் நாலு மூலையிலும் தடவி, கதவுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். இன்றுவரைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, ஒரு மூலைகூடப் பெயரவில்லை.